பென்ஷன்காரருக்கு எந்த போன்?

வேலையில் இருக்கும்வரை ஒரு மனிதனுக்கு யாரும் யோசனை சொல்வதில்லை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து யோசனை சொல்லாத ஆளே கிடைப்பதில்லை. முழங்காலுக்கு எந்தத் தைலம், சர்க்கரைக்கு வெந்தயத்தை ஊறவைத்துத் தின்பதா பொடித்துத் தின்பதா, கையில் வைத்துக்கொள்ள எந்த போன் என்ற மூன்று விஷயங்களில் நாட்டில் கருத்து இல்லாத ஜீவன் கிடையாது. முதல் இரண்டுக்கும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். தைலம் தேய்த்தீர்களா என்று யாரும் முட்டியை மோந்து பார்க்கப் போவதில்லை. போன் விஷயம் அப்படி முடியாது. பார்த்த மாத்திரத்தில் கையிலிருந்து வாங்கி, புரட்டி, பின்பக்கம் எத்தனை கேமரா என்று எண்ணி, "இதையா வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் திருப்பித் தருவார்கள். அந்த "இதையா"வில் மொத்த சர்வீஸும் பொசுங்கிப்போகும்.

எனக்கு இதில் கூடுதல் தொல்லை. நான் திருநெல்வேலியில் தொலைபேசித் துறையில் டிரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்து, அங்கேயே நரைத்து, அங்கேயே மாலை போட்டு அனுப்பி வைக்கப்பட்டவன். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலை நடைக்கு வரும் எங்கள் கோஷ்டியில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. விட்டுவந்த வேலைதான் பெயர். தாசில்தார், ஹெட்மாஸ்டர், பேங்க், ஓவர்சியர். நான் டெலிபோன். ஆகவே எவர் வீட்டில் போன் மாற்றினாலும் வழக்கு என்னிடம் வரும். "டெலிபோன், இதுல எதுவே நல்லது? நீருதான் சொல்லணும்." நான் பார்த்த டெலிபோனுக்கும் இந்தக் கண்ணாடிச் சில்லுக்கும் பெயரளவில்தான் உறவு என்றால் நம்ப மாட்டார்கள். தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்பார்கள்.

உண்மையில் எங்கள் காலத்தில் போனைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே இல்லை. மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் ஓ.ஒய்.டி. திட்டத்தில் முன்பணம் கட்டித் தனி வரிசைக்குப் போவார்கள். அங்கேயும் வரிசைதான். கடைசியில் ஒருநாள் லைன்மேன் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார். நிறம் பிடித்திருக்கிறதா என்று அவரும் கேட்க மாட்டார், வீட்டுக்காரருக்கும் கேட்கத் தோன்றாது. வீட்டுக்காரர் அதற்கு ஊசிநூலில் பின்னிய துணி ஒன்றைப் போர்த்தி, டயலில் சின்னதாக ஒரு பூட்டும் மாட்டிவிடுவார். இனி யாரும் பேச முடியாது என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலுவலகம் போவார். ரிசீவர் வைக்கும் கொக்கியைத் தாளம் தப்பாமல் தட்டினாலே எண் போய்விடும் என்பது கல்லூரியில் படிக்கும் அவர் மகனுக்குத் தெரியும். பில் வந்ததும் தகப்பனார் எங்களிடம் வந்து மீட்டரில் கோளாறு என்று சண்டை பிடிப்பார். மகனும் கூடவே வந்து ஆமாம் ஆமாம் என்பான்.

வெளியூர் பேச 180-ஐச் சுழற்றி எங்களிடம் பதிய வேண்டும். சாதாரணக் கால் ஒரு கட்டணம், அர்ஜென்ட் இரு மடங்கு, லைட்னிங் எட்டு மடங்கு. குறிப்பிட்ட ஆளையே கூப்பிட்டுத் தர வேண்டுமென்றால் பி.பி. கால். சாவுச் செய்தி, பிரசவச் செய்தி, பருத்தி விலை எல்லாம் என் காது வழியாகத்தான் ஊருக்குள் வந்தன. ஆபரேட்டருக்குக் காது உண்டு, வாய் கிடையாது என்று சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது வீட்டிலும் அதே விதிதான்.

எக்ஸ்சேஞ்சில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஸ்ட்ரோஜர் இயந்திரம். யாராவது எண்ணைச் சுழற்றினால் உள்ளே கடகடவென்று ஏறி இறங்கும். அதைக் கண்டுபிடித்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்தவர். ஊர் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் ஆபரேட்டர் போட்டிக்காரரின் மனைவி, தனக்கு வர வேண்டிய பிணங்களையெல்லாம் அவள் புருஷனுக்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். ஆபரேட்டரே தேவைப்படாத இயந்திரத்தைச் செய்து 1891இல் காப்புரிமை வாங்கிவிட்டார் என்பது துறையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. கையில் எடுத்துப் போகும் போனில் முதல் அழைப்பைச் செய்தவர் மோட்டரோலாவின் மார்ட்டின் கூப்பர். 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்றுகொண்டு, ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியில் அவர் யாரைக் கூப்பிட்டார்? பெற்ற தாயையா, கட்டிய மனைவியையா? போட்டி நிறுவனமான பெல் ஆய்வகத்தில் அதே வேலையில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஜோயல் எங்கலை. ஆக டெலிபோன் வரலாறு அடியிலிருந்து நுனிவரை வயிற்றெரிச்சலின் வரலாறு. வ.உ.சி. மைதானத்துப் படிக்கட்டில் புதுப் போனை வெளியே எடுத்து, வராத அழைப்பைப் பார்ப்பதாகப் பாவனை செய்யும் ஹெட்மாஸ்டர் அந்த மரபுக்கு வந்த நேர் வாரிசு.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. பேசியவர் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, கேட்டவர் மத்திய அமைச்சர் சுக்ராம். அந்நாளில் உச்ச நேரக் கட்டணம் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு. வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. இன்று கடன் வேண்டுமா என்று கேட்டு வருகிற அழைப்புகளை அந்தக் கட்டணத்தில் எடுத்திருந்தால், உண்மையிலேயே கடன் வேண்டியிருந்திருக்கும். வருகிற அழைப்பு இலவசம் என்று ஆனது 2003இல். அதே ஆண்டில்தான் நோக்கியா 1100 வந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. நம் நாட்டைப் போன்ற இடங்களை நினைத்தே செய்தார்கள். தூசி புகாத விசைப்பலகை, ஈரக் கையில் வழுக்காத பக்கவாட்டு, தலையில் ஒரு டார்ச். அந்த டார்ச்சைப் போட்டவர் கட்டாயம் ஒருமுறையாவது மின்வெட்டில் செருப்பைத் தேடியிருக்க வேண்டும்.

எங்கள் ஓவர்சியர் இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறார். மூன்று தடவை கிணற்றடியில் விழுந்தது, ஒரு தடவை ஆட்டோ சக்கரம் ஏறியது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அவர் அதைக் காதில் வைத்து, "பேசுதுவே" என்பார். அவர் மருமகள் வைத்திருக்கும் போன் மெத்தையில் விழுந்து உடைந்தது என்பதையும் விடாமல் சேர்த்துச் சொல்வார். ஆனால் காலம் அவரையும் விடவில்லை. அவர் பேரன் எங்கேயோ சலுகை என்று ஒரு சிம்மை வாங்கிவந்து போட, போன் உயிரில்லாமல் கிடந்தது. புதிய நிறுவனத்தில் 2ஜி கிடையாது, 4ஜிதான். பழைய பட்டன் போனுக்கு 4ஜி புரியாது. பட்டன் போனே வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் 4ஜி உண்டா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். இப்போது 4ஜி பட்டன் போன் வருகிறது. ஓவர்சியர் சிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். போனை மாற்றுவது அவர் வரையில் மதம் மாறுவது.

எனக்குப் போன் மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தபோது வீட்டில் கமிட்டி கூடியது. மகன் பெங்களூரிலிருந்து வீடியோவில், மகளும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில், நேரில் என் மனைவி. நானும் அறையில்தான் இருந்தேன். ரேம் எவ்வளவு, ப்ராசசர் எது என்று மகன் பேசினான். "மாமா போட்டோ எடுப்பாங்கள்ல, கேமரா முக்கியம்" என்றார் மாப்பிள்ளை. நான் கடைசியாக எடுத்த போட்டோ, தண்ணீர் மீட்டர் அளவைக் காட்ட எடுத்தது. மகளுக்கு என் இருப்பிடம் எந்நேரமும் தெரிய வேண்டும். "எங்கேயாவது மயங்கி விழுந்துட்டீங்கன்னா?" மயங்கி விழாமலே நான் மகாராஜ நகர் உழவர் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் வடை தின்றுகொண்டிருப்பதும் அதில் தெரியும் என்று எனக்குச் சட்டென்று விளங்கியது. மனைவி ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும், "ஏங்க, எதை வாங்குனாலும் சத்தம் நல்லா கேக்குமான்னு பாருங்க. நீங்க கத்திப் பேசுறது தெருவுக்கே கேக்குது" என்றாள். கமிட்டியில் பயனுள்ள ஒரே தீர்மானம் அதுதான்.

வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். குளிர்பதனம், வெள்ளை வெளிச்சம், ஒரே மாதிரிச் சட்டை போட்ட பையன்கள். ஒரு பையன் வந்து, "ஐயா, பட்ஜெட் எவ்வளவு?" என்றான். கல்யாணத் தரகருக்குப் பிறகு என்னிடம் இதை இவ்வளவு நேராகக் கேட்டவன் இவன்தான். சொன்னேன். "அம்பது மெகாபிக்சல் இருக்குய்யா. கேமிங் பண்ணுவீங்களா?" என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் என் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மணி அடித்தால் அடுப்படியிலிருந்து முற்றம்வரை கேட்குமா? எழுத்தைப் பெரிதாக்கினால் வாக்கியம் முழுதும் தெரியுமா, மூன்று சொல்தான் நிற்குமா? பேட்டரி ஊருக்குப் போய்த் திரும்பும்வரை தாங்குமா? சார்ஜர் ஒயர் எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒயர்தானா? பையன் மூன்று கேள்விக்குப் பதில் சொன்னான். மணிச் சத்தத்துக்கு மட்டும், "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கய்யா, எல்லாரும் சைலன்ட்லதான் போட்டுருப்பாங்க" என்றான். வாங்கினால் சட்டைப் பையில் வைத்துக் கூடவே திரிய வேண்டிய சாமான், அதில் மணி அடிப்பது மட்டும் வேண்டாம்!

தொடுதிரையைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு மனக்குறை உண்டு. அறுபதுக்கு மேல் விரல் நுனி காய்ந்துவிடுகிறது. நாம் தொட்டால் தெரியாத திரை, சட்டைப் பை தொட்டால் உடனே தெரிந்துகொள்கிறது. ஹெட்மாஸ்டரின் போன் ஒருநாள் பைக்குள் இருந்தபடியே தானாக, அவருடைய பழைய மாவட்டக் கல்வி அதிகாரியைக் கூப்பிட்டுவிட்டது. அன்று காலை நாங்கள் பேசிக்கொண்டிருந்த பொருள் அந்த அதிகாரிதான். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டிருக்கிறார். முப்பது வருட நட்பு முறிந்தது. டயலில் பூட்டுப் போட்டவரை நாங்கள் கேலி பேசினோமே, அவர் தீர்க்கதரிசி.

கடையில் ஒன்றும் படியாமல் திரும்பினோம். தீபாவளிக்கு வந்த மகன் தன் பழைய ஐபோனைக் கொடுத்தான். "பழசுன்னாலும் ஐபோன்ப்பா." மைதானத்தில் என் மதிப்பு ஒரே நாளில் உயர்ந்தது. தாசில்தாரே கையில் வாங்கி எடை பார்த்தார். மதிப்பு உயர்ந்ததே தவிர போனை எப்படிப் பின்னால் போக வைப்பது என்று கேட்க ஆளில்லை. மற்ற எல்லாரும் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு. "எங்களதுல கீழ ஒரு அம்புக்குறி இருக்கும், உம்மதுல அதைக் காணோமே" என்று ஐந்து பேர் சேர்ந்து தடவிப் பார்த்தார்கள். பிறகு ஒயர். 2023இல் வந்த ஐபோன் 15 முதல்தான் அவர்களும் ஊரோடு ஒத்த ஒயருக்கு வந்தார்கள். என்னுடையது அதற்கு முந்தையது, அதன் ஒயர் வேறு இனம். கடைக்காரரிடம் அதன் பெயரைக் கேட்டேன். "லைட்னிங்" என்றார். விலையைக் கேட்டேன். சரிதான், அதே எட்டு மடங்குத் தோரணை.

போனில் கேமரா எனக்கு எதற்கு என்று எகத்தாளம் பேசிக்கொண்டிருந்தவன் நவம்பரில் வாயை மூடினேன். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் வங்கிக்குப் போய், உயிரோடு இருப்பவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்போம். இருக்கை கிடைக்காத சிலருக்கு அந்த நிலை சந்தேகத்துக்கிடமாகிவிடும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்று வந்தது. கைரேகை வைக்க வேண்டும். இங்கேயும் காய்ந்த விரல் காலை வாரியது. உழைத்துத் தேய்ந்த ரேகை கருவிக்குத் தெரியாமல், எத்தனையோ பேர் உயிரோடு இருந்தும் ஒப்புக்கொள்ளப்படாமல் திரும்பினார்கள். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஆக்கினார்கள். இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி செல்போன் முன்கேமராவில் முடித்துவிடலாம்.

முடித்துவிடலாம் என்று சொல்வது எளிது. முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள் மனைவி. கழற்றினால் வட்டம் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் மேல... ஏங்க, உங்க நெத்தியை மட்டும் காட்டாதீங்க." கண்ணை இமைக்கச் சொல்லி வந்தது. இமைத்தேன். மறுபடி இமைக்கச் சொன்னது. தெருவில் போன பால்காரர் தன்னைத்தான் ஏதோ ஜாடையாகக் கூப்பிடுகிறேன் என்று உள்ளே வந்துவிட்டார். நாலாவது முறையோ என்னவோ பச்சை வெளிச்சம் வந்தது. அரசாங்கக் கணக்கில் எனக்கு இன்னொரு வருஷம் ஆயுசு. முடியாதவர்களுக்கு ஒரு தகவல்: தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு இந்தச் சான்றை எடுத்துத் தருகிறார். வட்டத்துக்குள் உங்கள் முகத்தை அவரே பிடித்து வைத்துக்கொள்வார்.

அடுத்தது கொள்ளளவு. 64 ஜிபி போதுமா, 128 வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: நீங்கள் எத்தனை வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்கள்? ஓய்வூதியர் குழு, உறவுக் குழு, கோயில் குழு, கூடப் படித்தவர்கள் குழு. விடிகாலை நாலரைக்கே ரோஜாப்பூ வரத் தொடங்கும். பனித்துளியோடு ரோஜா, தேநீர்க் கோப்பையோடு ரோஜா, வள்ளுவரோடு ரோஜா. ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2018இல் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். எங்கள் தலைமுறையின் உழைப்பை அவர்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். ஐந்து ஐந்தாக ஊரையே எழுப்பிவிடும் ஆற்றல் எங்கள் பேங்குக்கு உண்டு.

அதே பேங்க், பணம் என்று வந்தால் வேறு ஆள். அவரிடம்தான் நான் ஒரு நல்ல ஏற்பாட்டைக் கற்றேன். பென்ஷன் வருகிற கணக்கோடு இணைத்த எண் பட்டன் போனில் இருக்கும். அந்த போன் வீட்டைவிட்டு வெளியே வராது. ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ஸ்மார்ட்போனில் இருப்பது வேறு எண். அதற்கு வேறொரு சின்னக் கணக்கு. கீரைக்கும் பாலுக்கும் ஆட்டோவுக்கும் வேண்டிய சில ஆயிரம் மட்டும் அதில் கிடக்கும். கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வருகிற ஏ.பி.கே. கோப்பைத் தொட்டுவிட்டாலும் திருடனுக்குக் கிடைப்பது கீரைக் காசு. பட்டன் போனில் அந்தக் கோப்பு ஏறவே ஏறாது. "என்னவே, ரெண்டு போனா?" என்று கேட்டவரிடம் பேங்க் சொன்னார்: "பீரோவுக்கு ஒரு சாவி, வாசலுக்கு ஒரு சாவி வச்சிருக்கீரு இல்ல?"

தாசில்தாருக்கு அந்த ஏற்பாடெல்லாம் தேவைப்படவில்லை. அவருக்கு ஒருநாள் வீடியோ அழைப்பு வந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவன், மும்பை போலீஸ் என்றான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், அறையைவிட்டு நகரக் கூடாது என்றான். தாசில்தார், "இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்கவே நகருவேன்?" என்று தொடங்கியிருக்கிறார். பிறகு பழக்க தோஷம். எந்த ஸ்டேஷன் எல்லை, புகார் எண் என்ன, யாருடைய கையெழுத்து, தேதி உண்டா? "வாயால சொல்லுததை எல்லாம் நான் எடுத்துக்கிட மாட்டேன். மனுவா எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, திங்கக்கிழமை கொண்டாரும்." அரை மணி நேரத்தில் அந்தப் பக்கத்தார் தாங்களாகவே இவரை விடுதலை செய்துவிட்டார்கள். எல்லாராலும் தாசில்தாராக முடியாது. டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் எதுவும் கிடையாது என்பதைப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொன்னார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள், போனிலேயே பதிந்து வைத்தால் பதற்றத்தில் தேடத் தெரியாது.

இரண்டு போன் என்றால் இரண்டு ரீசார்ஜ். இதில் ஒரு கணக்கு என்னை ரொம்ப நாளாக உறுத்திற்று. 28 நாள் திட்டத்தில் ஆண்டுக்குப் பதின்மூன்று தடவை பணம் கட்ட வேண்டும். பென்ஷன் பன்னிரண்டு தடவைதான் வருகிறது. 30 நாள் திட்டம் ஒன்றாவது எல்லா நிறுவனங்களும் வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. அதைவிட நமக்கு வேண்டியது 2024 டிசம்பரில் வந்தது: பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் போதும் என்பவர்களுக்கு, இணையம் சேர்க்காத தனித் திட்டம் தர வேண்டும், அதன் காலம் ஓராண்டுவரை இருக்கலாம். கடையில் போய்க் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதாகவே சிலர் காட்டிக்கொள்வதில்லை. "டேட்டா இல்லாம எப்படிய்யா?" என்று அனுதாபத்தோடு பார்ப்பார்கள். இருக்கிறது, விடாமல் கேளுங்கள். பீரோச் சாவி போனுக்கு அதுவே போதும்.

ஐபோனை மகனிடமே அடுத்த வரவில் திருப்பிக் கொடுத்தேன். இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் அவள் யாரிடமும் ஆலோசனை கேட்காமல் ஒரு போன் வாங்கி, பேத்தியோடு வீடியோவில் பேசி, யூடியூப் பார்த்துப் புதிதாக ஒரு கூட்டுச் செய்து, மின் கட்டணத்தையும் கட்டி முடித்திருந்தாள். எப்படி மாடலைத் தேர்ந்தெடுத்தாய் என்றேன். "பக்கத்து வீட்டுப் பிள்ளை வச்சிருக்கிற அதே போன்ங்க" என்றாள். சாராள் தக்கர் கல்லூரியில் படிக்கிற பெண். எழுத்துச் சின்னதாகிவிட்டதா, திரை இருட்டாகிவிட்டதா, பேச்சு ஸ்பீக்கரில் போகிறதா, மதில் சுவர் பக்கம் போய் ஒரு குரல் கொடுத்தால் போதும். அந்தப் பெண் தன் போனைப் பார்த்துக்கொண்டே, "ஆச்சி, மேல இருந்து கீழ இழுங்க, மூணாவதா ஒரு வட்டம் இருக்கும், அதைத் தொடுங்க" என்பாள். அவள் போனிலும் மூணாவது வட்டம், இவள் போனிலும் மூணாவது வட்டம். என் ஐபோனுக்கு அந்த மூணாவது வட்டத்தைச் சொல்ல, பெங்களூரில் மீட்டிங் முடிய வேண்டும்.

ரேம், ப்ராசசர், மெகாபிக்சல் என்று கமிட்டி பேசியதில் இது வரவே இல்லை. கடைப் பையனும் சொல்லவில்லை. போன் வாங்கிய மறுநாளே நமக்கு வேண்டியது சந்தேகம் தீர்க்க ஓர் ஆள். அந்த ஆளின் கையிலும் அதே போன் இருந்துவிட்டால் பாதிச் சந்தேகம் பேசாமலே தீரும். மறு வாரமே நானும் அதே மாடலை வாங்கினேன். நிறம் மட்டும் வேறு, எவருடையது என்று தெரிவதற்காக. ஹெட்மாஸ்டர் வாங்கிப் பார்த்து, "இதையா வாங்குனீரு?" என்றார். ஆமாம் என்றேன். அப்போது அவருடைய போனில் டார்ச் தானாக எரிந்துகொண்டிருந்தது, அணைக்கத் தெரியாமல் கைக்குட்டையைச் சுற்றி வைத்திருந்தார்.

ஆகவே, பென்ஷன்காரர்களே, கடைக்குப் போகுமுன் உங்கள் தெருவில் பொறுமையுள்ள ஒரு பிள்ளையைத் தேடிப் பிடியுங்கள். அது என்ன போன் வைத்திருக்கிறது என்று கேட்டு, மாடல் பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் வேறு எதைக் காட்டினாலும் அந்தத் தாளையே திரும்பக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பெரியவர்கள் போனை நீட்டினால் பிடுங்கி நீங்களே படபடவென்று செய்து கொடுத்துவிடாதீர்கள். எங்கே தொட வேண்டும் என்று சொல்லிவிட்டு, எங்கள் விரலாலேயே தொட வையுங்கள். கொஞ்சம் நேரமாகும். எங்களுக்கு நேரம் இருக்கிறது.